நான்கு வாள் சீட்டு சொன்னதும் என் குரல் சொன்னதும்

வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். டாரட் சீட்டு பார்க்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள். "நல்லா இருக்கீங்களா ராஜிக்கா" என்பது ஒரு மூச்சு. அடுத்த மூச்சிலேயே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். போன வாரம் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"அக்கா, தலைகீழாத் தொங்குறவன் சீட்டு வந்திருக்கு. அது யெஸ்ஸா நோவாக்கா?"

"கேள்வி என்னம்மா?"

"கேள்வியெல்லாம் தெரியாதுக்கா. யெஸ் ஆர் நோ பேக்கேஜ்தான் எடுத்திருக்காங்க. கஸ்டமர் லைன்ல இருக்காங்க, சட்டுன்னு சொல்லுங்க."

நான் போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். கேள்வி என்னவென்றே தெரியாமல் பதில் சொல்வதற்கு ஒரு வேலை, அதற்கு ஒரு பேக்கேஜ், அதைச் செய்ய என் அனுபவம் வேண்டுமாம். பெண் யாரென்று கேட்காமல் முகூர்த்தம் குறிக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

இவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எழுபத்தெட்டு சீட்டுக்கும் நேரே ஆமாம், இல்லை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை நான் ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். செல்லூரில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு மனிதர் அதனால் பாதிப் பாதத்தை இழந்தார். அதனால் இனிமேல் யாரும் கேட்க வேண்டாம். ஏன் தர மாட்டேன் என்பதை எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை கொஞ்சம் தடித்துத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பாத்திரப் பட்டறையில் வேலை நின்றபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. சிம்மக்கல் பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரவைக்க ஆள் வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா போலிருக்கிறது என்று போனேன். மேஜையில் படம் போட்ட சீட்டுகள் பரத்திக் கிடந்தன. ரம்மி கிளப்புக்கு வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே திரும்பப் பார்த்தேன். "செருப்பை வெளிய விட்டுட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அதுதான் திலகவதி மேடம்.

மேடம் அதற்கு முன்னால் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். பம்பாயில் இருந்த தங்கை கொடுத்த சீட்டுக் கட்டை வைத்து, புத்தகம் படித்துத் தானாகக் கற்றுக்கொண்டார். ஆள் மாறினாரே தவிரப் பழக்கம் மாறவில்லை. சீட்டுகளை ஒரு ஸ்டீல் தட்டில்தான் வைப்பார். வந்தவரின் பெயரை இரண்டு தடவை கேட்பார். ஆறுதலாகச் சிரிக்க மாட்டார், பயமுறுத்தவும் மாட்டார். சூரியன் சீட்டு வந்தாலும் மரணச் சீட்டு வந்தாலும் அவர் முகம் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு வருஷம் டோக்கன் கொடுத்தேன். மூன்றாம் வருஷம் பக்கத்து மேஜையில் உட்காரவைத்தார். படங்களைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதுமாக இருந்தது. பெரிய சீட்டு இருபத்திரண்டு. மிச்சம் ஐம்பத்தாறும் கோல், கிண்ணம், வாள், காசு என்று நான்கு வகை. வாயை அடக்கக் கற்றுக்கொள்ளத்தான் வருஷக்கணக்கானது.

ஆமாம், இல்லை கேள்விக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. கேள்வியை வந்தவரே தன் கையால் ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு நாங்கள் எழுதித் திரும்ப வாசித்துக் காட்டுவோம். கேள்வி 'நான்' என்று தொடங்க வேண்டும். 'அவன் என்னை விரும்புகிறானா' என்று எழுதினால் மேடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். "அது அவன் கேள்வி. அவன் வந்து கேக்கட்டும். நீங்க உங்க கேள்வியை எழுதுங்க" என்பார். கேள்விக்குக் கீழே இரண்டு வரி. ஆமாம் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டும் எழுதி முடிக்காமல் கட்டைத் தொட முடியாது. இரண்டு வரியும் ஒன்றாக இருந்தால் சீட்டே கிடையாது, வீட்டுக்குப் போகலாம்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். நான் போர் போடலாமா என்பது கேள்வி. ஆமாம் என்று வந்தால் கிணற்றுமேட்டில் போடுவேன் என்றார். எழுதினேன்.

"இல்லைன்னு வந்தா?" என்று மேடம் கேட்டார்.

"இல்லைன்னு வந்தா மேக்கால புளியமரத்தடியில போடுவேன்."

"அங்கயும் இல்லைன்னா?"

"அதெப்படித் தாயி அம்புட்டு எடத்துலயும் இல்லைங்கும்?"

மேடம் துண்டுச் சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டார். "நீங்க போர் போடுறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எடம்தான் தெரியணும். நீரோட்டம் பாக்குறவர்கிட்டப் போங்க. சீட்டுக்கு உங்க தோட்டம் தெரியாது." அவர் போகும்போது முனகிக்கொண்டேதான் போனார். எங்கள் மாடிக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் இப்படிச் சீட்டு எடுக்காமலே திரும்பியிருக்கிறார்கள். அதை நாங்கள் நஷ்டம் என்று நினைத்ததில்லை.

இரண்டு வரியும் வேறு வேறாக இருந்தால்தான் இடது கையால் கட்டைப் பிரிக்கச் சொல்லி, கீழ்ப்பாதியின் மேல் சீட்டைத் திருப்புவோம். திருப்பியதும் நாங்கள் பேசக் கூடாது. படத்தில் என்ன தெரிகிறது என்று வந்தவர் முதலில் சொல்ல வேண்டும். அவர் சொன்னதையும் சீட்டின் குணத்தையும் அந்த இரண்டு வரிகளோடு வைத்துப் பார்த்துத்தான் ஆமாம், இல்லை, பொறு என்று மூன்றில் ஒன்றைச் சொல்வோம். மூன்று, கவனியுங்கள். இரண்டு இல்லை.

இடிந்து விழும் கோபுரச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடி விழுந்து, தீப்பிடித்து, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிற படம். எந்தப் பட்டியலிலும் அது 'இல்லை'. ஒரு பாத்திரக் கடைக்காரர், நான் கூட்டு வியாபாரத்திலிருந்து விலகலாமா என்று கேட்டபோது அந்தச் சீட்டு வந்தது. நான் அவசரக் குடுக்கை. "இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். மேடம் பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து வந்தார். "அண்ணே, படத்துல நீங்க எங்க இருக்கீங்க?" என்று அவரிடம் கேட்டார். அவர் கோபுரத்துக்குள்ளே விரலை வைத்தார். "இடியிற கட்டடத்துக்குள்ள நின்னுக்கிட்டு வெளிய போகட்டுமான்னு கேக்குறீங்க. போங்க" என்றார் மேடம். அவர் போன பிறகு எனக்கு விழுந்தது.

"நீ என்ன பஸ் கண்டக்டரா, எடம் உண்டு இல்லைன்னு கத்துறதுக்கு? லேப்ல ரிப்போர்ட்டுல பாசிட்டிவ்னு ஒரு வார்த்தைதான் இருக்கும். அதை வாங்குறது பிள்ளைக்கு ஏங்குறவளா, காச்சக்காரியான்னு தெரியாம அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொல்லுவே?"

சீட்டே எடுக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. அது உடம்பு. மருந்து, ஆபரேஷன், வயிற்றில் இருக்கும் பிள்ளை, ஆயுசு, எதுவானாலும் சரி. ஒரு பெண் மார்பில் கட்டி இருக்கிறது, டாக்டரைப் பார்க்கலாமா என்று எழுதிக் கொடுத்தாள். மேடம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இதை ரத்தத்துகிட்டக் கேக்கணும்மா, சீட்டுகிட்ட இல்லை" என்று அவளைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார். அன்று மாலை வரை திரும்பவில்லை. வெளியே காத்திருந்த பதினோரு பேரையும் நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

மேடத்துக்குக் கண் பார்வை குறைந்தது. மாடியைக் காலி செய்துவிட்டு மகளோடு கோயமுத்தூர் போய்விட்டார். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது என்று நானே கணக்கு வைத்திருந்தேன். அப்போதுதான் அந்த நிறுவனம் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், வெளியூர்க்காரர்கள். செல்போனில் டாரட் பார்க்கும் ஆப் நடத்துகிறவர்கள். வீட்டிலிருந்தே போனில் பேசினால் போதும் என்றார்கள். ஒரு அழைப்புக்கு ஆறு நிமிஷம். இரண்டு வரி எழுதவைப்பதற்குள்ளேயே ஆறு நிமிஷம் முடிந்து லைன் கட்டாகிவிடும். கட்டானால் எனக்கு மதிப்பெண் குறையும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன்.

முடியப்போகிற சமயத்தில் அந்த நிறுவனத்தின் மேலாளர் நேரில் வந்தார். மரியாதையான ஆள், வார்த்தைக்கு வார்த்தை மேடம் போடுகிறவர்.

"மேடம், உங்க வாய்ஸ்ல ஒரு நம்பிக்கை இருக்கு. மதுரைத் தமிழ் வேற. எழுபத்தெட்டு சீட்டுக்கும் உங்க குரல் வேணும். ஜனங்களுக்கு டைம் இல்ல மேடம். கேள்வியை மனசுல நெனப்பாங்க, சீட்டைத் தொடுவாங்க, நீங்க பதில் சொல்லுவீங்க. அம்புட்டுத்தான்."

"மனசுல நெனச்சது என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாமே மேடம்."

அந்த இடத்தில் எழுந்து போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் குரலைப் புகழ்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. பெரிய எழுத்தில் உடம்பு பற்றிக் கேட்கக் கூடாது என்று போடுவோம் என்றார், நம்பினேன். உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். ஆமாம் முப்பத்திரண்டு, இல்லை இருபத்தொன்று, பொறு இருபத்தைந்து. எழுதும்போதே கை கூசியது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'கேள்வியைப் பொறுத்து' என்று பென்சிலால் எழுதிவைத்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் எழுபத்தெட்டு சீட்டின் பெயரையும் சொல்லச் சொன்னார்கள். பிறகு ஆமாம், இல்லை, பொறு என்ற மூன்று வார்த்தையையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார்கள். வெட்டி ஒட்டிக்கொள்வோம் என்றார்கள். கடைசியில் 'இப்போது செய்யாதீர்கள்' 'துணிந்து செய்யுங்கள்' என்று இரண்டு வாக்கியம். ஒரே பகலில் வேலை முடிந்தது. அதுதான் என் தொழிலின் கடைசி நாள். சால்வை போட்டார்கள்.

இனி தங்கராசு அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த தெருவில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் மனைவி முத்துலட்சுமியை ரேஷன் கடை வரிசையில் பார்த்துப் பழக்கம். இரண்டு பேரும் தறியில்தான் இருப்பார்கள். தறிச் சத்தத்தில் வாழ்கிறவர்கள் பொதுவாக உரக்கப் பேசுவார்கள். முத்துலட்சுமி மட்டும் விதிவிலக்கு, கேட்டால் தலையாட்டுவாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் காலை அவள் என் வீட்டுக்கு வந்து செல்போனை நீட்டினாள். பொத்தானை அமுக்கினாள்.

"வாள் நான்கு. இல்லை. இப்போது செய்யாதீர்கள்."

என் குரல்.

"நீங்கதானக்கா இது?" என்றாள்.

"நான்தான். என்ன கேட்டீங்க இதுகிட்ட?"

"அவருக்குச் சுகர் இருக்குல்லக்கா. கால்ல புண்ணு. ரெண்டு விரலை எடுத்துரணும், எடுத்தாக் காலு தப்பிச்சிரும்னு டாக்டர் சொன்னாரு. எடுக்கலாமான்னு இதுல கேட்டாரு. வேணாம்னு நீங்க சொல்லிட்டீங்க. பத்து நாளாச்சு, வரமாட்டேங்கிறாரு. இப்ப வாடை வருது."

முதலில் எனக்கு வந்த கோபம் அந்த நிறுவனத்தின் மேல். நான்கு வாள் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு போர்வீரன் கைகூப்பியபடி மல்லாந்து படுத்திருப்பான். சுவரில் மூன்று வாள் அவனைப் பார்த்துத் தொங்கும். நான்காவது அவனுக்குக் கீழே கிடக்கும். பார்க்கிறவர்கள் செத்துப்போனான் என்று நினைப்பார்கள். அவன் சாகவில்லை. சண்டையை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறான், காயம் ஆறுவதற்கு. என் பட்டியலில் அது 'பொறு'. அவர்கள் 'பொறு' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லையாம், பிறகு போனில் கேட்டபோது சொன்னார்கள். இருபத்தைந்து சீட்டை அவர்கள் இஷ்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி, நான் சொல்லாத பதிலை என் குரலில் ஒட்டிவிட்டார்கள். உடம்புக் கேள்விக்குச் சீட்டே எடுக்கக் கூடாது. எடுத்தே தீர வேண்டுமென்றால் அந்தப் படத்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படு என்றுதான் அர்த்தம். அது இல்லை என்று சொல்லவே இல்லை.

அடுத்த கோபம் என் மேல்தான். அது இன்னும் போகவில்லை.

முத்துலட்சுமியோடு அவள் வீட்டுக்குப் போனேன். சந்து நெடுக ஈரம். தங்கராசு அண்ணன் கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார். வாடை வாசலிலேயே வந்தது. சுண்டு விரலும் அதற்கடுத்ததும் கரி மாதிரி இருந்தன. பாதத்தின் மேல்புறம் வீங்கிச் சிவந்திருந்தது.

"அண்ணே, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றேன்.

"உங்க குரலுதானம்மா வேணாம்னுச்சு. இப்ப நீங்களே வந்து போங்குறீங்க. ரெண்டுல எந்த ஆளை நம்புறது?"

"என்னை நம்புங்க. அது வெறும் ரெக்கார்டு. வெட்டி ஒட்டினது."

"ஒரு தடவைன்னா விட்டிருப்பேன். சாமிகிட்டப் பூ கேட்டாலும் மூணு தடவை கேக்குறதுதான எங்க வழக்கம்? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். மூணுல ரெண்டு எது வருதோ அதான் உத்தரவு. அதே மாதிரி மூணு தடவை கேட்டேன். மொதல்ல இந்தப் படுத்திருக்கவன் வந்தான், இல்லைன்னுச்சு. ரெண்டாவது வேற எதுவோ வந்து ஆமாம்னுச்சு. மூணாவது மறுபடியும் இவனே வந்தான். இம்புட்டுச் சீட்டு இருக்கையில அவனே எதுக்கும்மா ரெண்டு தடவை வரணும்?"

கோயிலில் பூக்கட்டிப் பார்த்து உத்தரவு வாங்கிவிட்டால் அவர்கள் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. கல்யாணம் நின்றிருக்கிறது, நிலம் கைமாறாமல் இருந்திருக்கிறது. அந்த மரியாதையை அப்படியே தூக்கி ஒரு செல்போனுக்குக் கொடுத்துவிட்டார் மனிதர். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், விரலைக் காட்டினேன், திட்டினேன். அவர் மசியவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார்.

"நீங்க நேர்ல உங்க கையால ஒரு சீட்டு எடுங்க. ஆமாம்னு வந்தா இப்பவே ஆட்டோ கூப்புடுறேன். இல்லைன்னா என்னை விட்டுருங்க."

இருபத்து மூன்று வருஷத் தொழிலில் நான் உடம்புக்குச் சீட்டு எடுத்ததில்லை. எடுத்த சீட்டை மாற்றி வைத்ததும் இல்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கட்டைப் பிரித்து எடுத்தால் எது வேண்டுமானாலும் வரும். வாள் பத்தும் வரலாம், அந்தப் படுத்திருப்பவனே மறுபடி வரலாம். வந்தால் இந்த மனிதர் செத்துப்போவார்.

"கட்டு வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

முத்துலட்சுமியும் கூடவே வந்தாள். அவளை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனேன். கட்டிலில் சீட்டுகளைக் கொட்டி, சூரியன் சீட்டைத் தேடி எடுத்தேன். வெள்ளைக் குதிரையில் குழந்தை கையை விரித்து உட்கார்ந்திருக்கிற சீட்டு. அதைப் பார்த்து இல்லை என்று எவனாலும் சொல்ல முடியாது. கட்டின் மேல் அதை வைத்துத் துணியில் சுற்றினேன். திருடியவளைப் போலத்தான் வெளியே வந்தேன்.

அவர் வீட்டுக்குத் திரும்பிக் கட்டை அவர் முன்னால் வைத்தேன். "இன்னைக்குப் பிரிக்க வேணாம்ணே. மேல் சீட்டை நீங்களே திருப்புங்க" என்றேன். அவர் கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டு திருப்பினார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "பச்சப்புள்ளை சிரிக்குது" என்றார். பிறகு, "முத்து, ஆட்டோவைக் கூப்பிடு" என்றார்.

பத்து நாளைக்கு முன்னால் இரண்டு விரலோடு போயிருக்கும். இப்போது பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நான் நிறுவனத்துக்கு போன் செய்தேன், என் குரலை எடுத்துவிடச் சொன்னேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படித்துக் காட்டினார்கள். மூன்று கடிதம் எழுதினேன். பதில் வந்தது, நல்ல தமிழில், என் சேவையைப் பாராட்டி. குரல் இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. அதைக் கேட்டு இப்போது யார் எதை நிறுத்திக்கொண்டிருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்பதுதானே அந்த ஏற்பாடு.

இதைவிடக் கொடுமை தெருவில் நடந்தது. சீட்டு சொல்லிக் கால் பிழைத்தது என்று தங்கராசு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். என் வாசலில் கர்ப்பப்பைக்கும் கண் ஆபரேஷனுக்கும் சீட்டுக் கேட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். விரட்டி விரட்டி எனக்குத் தொண்டை கட்டியது. ராஜிக்கா கெடுபிடி காட்டுகிறாள் என்றார்கள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கராசு அண்ணனே ஊன்றுகோலோடு படியேறி வந்தார். முத்துலட்சுமி பின்னால் வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார்கள். உட்கார்ந்ததும் அவர் சொன்னார்.

"சுகருக்கு ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் கட்டிக்கிருச்சும்மா. நிறுத்திரலாமான்னு போன்ல கேட்டேன். ஆமாம், துணிந்து செய்யுங்கள்னு உங்க குரல்லயே சொல்லுச்சு. ஆனா போன தடவை மாதிரி ஆயிரக் கூடாதுல்ல? அதான் நேர்ல ஒரு சீட்டு எடுத்துட்டுப் போயிரலாம்னு."

என் பொறுமை அங்கே அறுந்தது. எதையும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீங்கள் திருப்பிய சூரியன் தானாக வரவில்லை, நான் தேடி எடுத்து மேலே வைத்தேன், இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு வேண்டியதை வைத்துத்தான் தருவேன், இனிமேல் என் கையாலும் சரி, என் குரலாலும் சரி, உங்கள் உடம்புக்குப் பதில் கேட்காதீர்கள் என்றேன். திட்டுவார், எழுந்து போவார் என்று நினைத்தேன்.

அவர் எழவில்லை. கட்டுப் போட்ட பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துவிட்டது.

"அப்ப அது உத்தரவு இல்லையா?"

"இல்லைண்ணே."

"அப்படின்னா நெசமா இல்லைன்னுதான் வந்திருக்குமோ?" அவர் குரல் உடைந்தது. "காலை எடுத்திருக்கவே கூடாதோ? நீங்க சீட்டை மாத்தி வச்சதாலதான் என் காலு போச்சா?"

இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. என்ன சொன்னாலும் அவர் அடுத்துக் கேட்கப்போவது அன்றைக்கு வர வேண்டிய நிஜச் சீட்டு எது என்பதுதான். கேட்டுவிட்டார். "இப்ப எடுங்க. அன்னைக்கு என்ன வந்திருக்கும்னு பாத்துருவோம்" என்று கையை நீட்டினார்.

அப்போது முத்துலட்சுமி எழுந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

"ராஜிக்கா சீட்டு மாத்துனது எனக்கு அன்னைக்கே தெரியும்யா. இங்கன உக்காந்திருக்கையில பீரோக் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தச் சீட்டு வந்துறணும்னு நானும் வேண்டிக்கிட்டுத்தான் கூட நடந்தேன். சீட்டு மாத்துனதுனால ஒண்ணும் காலு போகல. உன் கால்ல புழு வச்சிருச்சு, நான்தான் தெனம் கழுவுனேன், நான்தான் எடுத்துப் போட்டேன். அதை எந்தச் சீட்டுக்காரி பாத்தா? எந்தப் போன் பாத்துச்சு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அவள் என் பக்கம் திரும்பினாள். என்னையும் ஒரு பிடி பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ அவர் மடியிலிருந்த செல்போனை எடுத்து, என் வீட்டு ஆணியில் தொங்கிய பைக்குள் போட்டாள், ஊன்றுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எந்திரி. ஊசி போட்டுச் சாப்புடுற நேரமாச்சு."

அவர் எழுந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.